பி.ஏ. (ஃபிசிசியன் அசிஸ்டென்ட்) சேர்க்கை 2020-21: காத்திருப்பவர்கள் எல்லாரும் இங்கே வாங்க

தாமிரபரணி | 2021 ஜனவரி 9, இரவு 11:40

வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன், கணவரைச் சார்ந்த எச்4 விசா, வேலை பார்க்கும் அனுமதி (இ.ஏ.டி.) உண்டு. சென்னையில் பி.எஸ்சி. ஃபிசிசியன் அசிஸ்டென்ட் படித்துவிட்டு நான்கு வருடம் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே பி.ஏ.வாக முடியாது என்று தெரிந்தது. உரிமத்துக்கு பான்ஸ் என்ற தேசியத் தேர்வு எழுத வேண்டும். அதை எழுத, இங்கே ஏ.ஆர்.சி.-பி.ஏ. என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆக, மறுபடி முதலிலிருந்து. கம்யூனிட்டி காலேஜில் அனாடமி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கூடவே ஒரு முதியோர் இல்லத்தில் சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்) வேலை.

ஜூனில் காஸ்பாவில் (பி.ஏ. காலேஜ்களுக்கான பொது இணைய விண்ணப்பம்) விண்ணப்பம் போட்டேன். விசாவைப் பார்த்தே சில காலேஜ் கதவைச் சாத்திவிட்டதால் ஒன்பதுதான் தேறின. நான்கில் இல்லை என்று வந்துவிட்டது. இரண்டில் இன்டர்வியூ முடிந்து இரண்டிலும் வெயிட்லிஸ்ட்: ஒன்று பென்சில்வேனியா, ஒன்று நியூ யார்க். மீதி மூன்றிலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. போர்ட்டலில் ஆகஸ்ட் மாதத்திலிருந்து "பரிசீலனையில் உள்ளது" என்றே இருக்கிறது.

இந்த வருடம் மௌனத்துக்கு என்ன அர்த்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோட்டு | ஜனவரி 10, காலை 7:15

நான் ஒஹையோவில் பி.ஏ., எமர்ஜென்சியில். ஒன்பதுக்கு இரண்டு இன்டர்வியூ என்பது நல்ல கணக்குதான், தங்கச்சி. முதலில் தண்ணீர் குடியுங்கள்.

ரோலிங் அட்மிஷனை நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் காஸ்பா திறக்கிறது. முதலில் வந்தவர்களை இன்டர்வியூ பார்த்து சீட் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். நிறைந்ததும் மிச்சப் பேர் படியில் நிற்க வேண்டியதுதான், அதுதான் வெயிட்லிஸ்ட். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பக்கத்து பஸ்ஸிலும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். எந்த வண்டி தோதாக இருக்கிறதோ அதில் ஏறிக்கொண்டு மற்றதில் துண்டை எடுப்பார்கள். அது பெரும்பாலும் டிரைவர் வண்டியைக் கிளப்புகிற நேரத்தில்தான் நடக்கும். எனக்கு 2012ல் போன் வந்தது வகுப்பு தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது.

இந்த வருடம் இன்னொரு விஷயம். முன்பெல்லாம் இன்டர்வியூ என்றால் விமான டிக்கெட், ஹோட்டல், கோட்டு சூட்டு. காசு இல்லாதவன் மூன்றோடு நிறுத்திக்கொள்வான். இப்போது சூம். மேலே சட்டை, கீழே லுங்கி, எட்டு இன்டர்வியூகூடப் பார்க்கலாம். அப்படியானால் ஒரே ஆள் நிறைய துண்டு போடுவார். லிஸ்ட் நகர்வது தாமதமாகும் என்பது என் கணிப்பு. மௌனத்தை மௌனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னி_அம்மா | ஜனவரி 10, பகல் 1:02

நான் டெக்சஸ். மகளுக்காக எழுதுகிறேன், அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும். வயது 22. எமர்ஜென்சியில் ஸ்கிரைப் வேலை (டாக்டருக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதுவது) பார்த்தாள். போன ஏப்ரலில் நோயாளிகள் வருவது குறைந்து, ஸ்கிரைப் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரியில் ஆளைக் குறைப்பார்கள் என்று யார் நினைத்தது? நோயாளிப் பராமரிப்பு அனுபவம் இரண்டாயிரம் மணி நேரம் கேட்கும் காலேஜுக்கு இவளிடம் ஆயிரத்து நூறுதான் இருக்கிறது. அதிலும் ஸ்கிரைப் வேலையை நோயாளிப் பராமரிப்புக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று சில இடத்தில் சொல்கிறார்கள்.

அவளும் நியூ யார்க்கில் ஒரு காலேஜில் வெயிட்லிஸ்ட்.

தப்பாக நினைக்க வேண்டாம், ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பாடு பட்டு டாக்டருக்கு உதவியாளர் ஆவதற்கு டாக்டருக்கே படிக்கலாமே? ஊரில் என் மாமியாரிடம் பேத்தி பி.ஏ. படிக்கப் போகிறாள் என்றேன். "அமெரிக்காவில் போய் பி.ஏ.வா? எம்.ஏ.வாவது படிக்கச் சொல்லு" என்கிறார்.

தாமிரபரணி | ஜனவரி 10, மாலை 6:30

அம்மா, என் பெரியப்பா "எந்த மந்திரிக்கு பி.ஏ.?" என்று கேட்டவர். நாலு வருடம் படித்து முடித்த பிறகும் கேட்டார்.

வெள்ளைக்கோட்டு | ஜனவரி 10, இரவு 9:48

பொன்னி அம்மா, தப்பே இல்லை. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான், இன்டர்வியூவிலும் கேட்பார்கள்.

1965ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் இதைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்து கைப்பழக்கம் உள்ளவர்கள் ஊர் திரும்பி வேலை இல்லாமல் இருந்தார்கள். இன்னொரு பக்கம் டாக்டர்கள் பற்றவில்லை. நான்கு பேரை எடுத்தார், 1967ல் மூன்று பேர் முடித்தார்கள். அன்றிலிருந்தே முன் அனுபவம் உள்ளவரை எடுப்பதுதான் வழக்கம், உங்கள் மகளிடம் மணிக்கணக்கு கேட்பது அதனால்தான். பெரும்பாலும் இரண்டரை வருடத்துக்குள் படிப்பு முடியும். நோயாளியைப் பார்ப்போம், நோயைக் கண்டுபிடிப்போம், மருந்து எழுதுவோம், தையல் போடுவோம். போன மார்ச்சில் நியூ யார்க் கவர்னர் போட்ட அவசர உத்தரவில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே பி.ஏ.க்கள் வேலை பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள். கோப்பு தூக்குகிறவரிடம் அப்படிக் கொடுப்பார்களா?

நம்ம ஊருக்கும் இது புதிதில்லை. இந்தியாவில் இந்தப் படிப்பு 1992ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில்தான் தொடங்கியது. டாக்டர் கே.எம். செரியன் இதய அறுவை சிகிச்சைக்கு ஆள் வேண்டும் என்று கொண்டு வந்தார். தாமிரபரணி அந்த வழியில் வந்தவர்தான்.

நேர்மையாச்_சொல்றேன் | ஜனவரி 11, காலை 8:20

எல்லாரும் கதை பேசுகிறீர்கள், நான் கணக்கு பேசுகிறேன். எச்4ல் ஃபெடரல் (அமெரிக்க அரசின்) கல்விக் கடன் கிடையாது. பல காலேஜில் படிப்புச் செலவு மட்டும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். தனியார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு ஆள் வேண்டும். இதற்கு நர்சிங் போயிருந்தால் இந்நேரம் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கலாம். வெயிட்லிஸ்ட் என்பது நாகரிகமாக "இல்லை" என்று சொல்வது.

தாமிரபரணி | ஜனவரி 11, இரவு 10:55

அண்ணா, கணக்கு சரிதான். அத்திம்பேர் ஜாமீன் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் சிட்டிசன். நர்சிங் ஏன் போகவில்லை என்றால், ஒரு சம்பவம் சொல்கிறேன்.

போன மார்ச்சில் காலேஜை மூடியதும் அனாடமி லேப் வீட்டுக்கு வந்தது, நிஜமாகவே பெட்டியில். கத்தி, கத்தரி, இடுக்கி, கையுறை, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஆட்டு இதயம். எங்கள் வீடு ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் கணவரின் ஆபீஸ். இன்னொரு பக்கம் அமேசான் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன் மேல் இதயம். அந்த மருந்து வாடை மூன்று நாள் போகவில்லை. சாம்பிராணி போட்டுப் பார்த்தேன், இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். மாமியார் வீடியோ காலில் பார்த்துவிட்டு "அடுப்படியிலயாடி?" என்றார்.

லேப்டாப் கேமராவில் வால்வைக் காட்டச் சொன்னார் பேராசிரியர். இடது பக்கத்தைத் திறந்து, வால்வைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் அந்த வெள்ளை நூல்களைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். சென்னையில் பைபாஸ் நடக்கும்போது காலிலிருந்து வெயின் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். கை தானாகப் போயிற்று. அவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. அப்புறம் "இதற்கு முன் எங்கே செய்திருக்கிறீர்கள்?" என்றார். அவர்தான் பிறகு எனக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். அந்த வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான் அண்ணா.

அந்த செமஸ்டர் மதிப்பெண் எல்லாருக்கும் பாஸ்/ஃபெயில் ஆகிவிட்டது என்பது தனிச் சோகம்.

ஸ்கார்பரோ_பெடியன் | ஜனவரி 12

ஆட்டு இதயக் கதை சூப்பர் அக்கா. என்ர தங்கச்சியும் இதே அவஸ்தைதான். கனடாவில இப்ப, 2021ல, பி.ஏ. படிப்பு மொத்தமே மூன்று பல்கலைக்கழகங்களில, மானிட்டோபா, மக்மாஸ்டர், டொராண்டோ. அதனால உங்களுக்கு ஒன்பது இடத்தில காத்திருக்கலாம் எண்டு கேக்கவே எங்களுக்குப் பொறாமையா இருக்கு. அவ இன்னும் இன்டர்வியூ அழைப்புக்கே காத்துக்கொண்டிருக்கிறா. ஈமெயில் வந்த சத்தம் கேட்டா வீடே அமைதியாயிடும். அநேகமா பீட்சா கூப்பன்.

தாமிரபரணி | ஜனவரி 29

எனக்கு கார் வாரண்டி விற்கிற கால். தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டேன், இப்போது எல்லாவற்றையும் முதல் மணியிலேயே எடுக்கிறேன். நேற்று வேலையில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப் போய் எடுத்தேன். "உங்கள் காரின் வாரண்டி முடியப்போகிறது." எங்களிடம் இருப்பது 2009 மாடல். அது முடிந்து எத்தனையோ வருடமாகிறது.

தடுப்பூசி இரண்டாவது டோஸும் போட்டாயிற்று. போன ஏப்ரலில் குப்பைப் பையைக் கோட்டாக மாட்டிக்கொண்டு வேலை பார்த்த இடத்தில் ஊசி போட வரிசையில் நின்றபோது என்னமோ போலிருந்தது. ஏப்ரலில் நான் பார்த்துக்கொண்ட மாடியில் இப்போது இருப்பவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

கேள்வி: வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் காலேஜுக்கு மெயில் போடலாமா? தொந்தரவு என்று நினைப்பார்களா?

வெள்ளைக்கோட்டு | ஜனவரி 29

முதலில் அவர்கள் அனுப்பிய கடிதத்தை மறுபடி படியுங்கள். எதுவும் அனுப்பாதே என்றிருந்தால் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். தடை இல்லையென்றால் ஒரே ஒரு மெயில், பத்து வரிக்குள். புதிதாக என்ன நடந்தது என்று மட்டும்: இத்தனை மணி நேரம் கூடியிருக்கிறது, இந்தப் பாடம் முடித்தேன். மனசு உருகுகிற வசனம் வேண்டாம். "நீங்கள் சீட் கொடுத்தால் கட்டாயம் வருவேன்" என்ற வாக்கியத்தை ஒரே ஒரு காலேஜுக்கு மட்டும் எழுதுங்கள், உண்மையாக இருந்தால் மட்டும். இரண்டு பேருக்கு எழுதினால் பொய்.

மழைக்காலம் | பிப்ரவரி 16

இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு மூன்று இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. இரண்டில் டெபாசிட் கட்டியிருக்கிறேன், ஒன்றில் கெடு வரவில்லை. நான்காவது ஒன்றிலிருந்து பதில் வர வேண்டும், அதுதான் வீட்டுக்குப் பக்கம். இரண்டு டெபாசிட்டும் திரும்ப வராது. எதை விடுவது என்று யோசனை சொல்லுங்கள்.

பொன்னி_அம்மா | பிப்ரவரி 16

என் மகள் ராத்திரி தூங்குவதில்லை அம்மா. இங்கே ஒருவர் மூன்று சீட்டை மடியில் வைத்துக்கொண்டு எதை விடுவது என்று கேட்கிறார். நல்லா இருங்க.

நேர்மையாச்_சொல்றேன் | பிப்ரவரி 16

மூன்று பஸ்ஸில் துண்டு. ஒரே ஆள்.

மழைக்காலம் | பிப்ரவரி 17

திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். என் பக்கத்தையும் கேளுங்கள். போன வருடம் ஒரு இடத்தில் கிடைத்த ஒரே சீட்டை நம்பி வேலையை விட்டேன். கொரோனாவில் கிளினிக்கல் ரொட்டேஷனுக்கு (ஆஸ்பத்திரிப் பயிற்சி) ஆஸ்பத்திரிகள் மாணவர்களை உள்ளே விடவில்லை. மூத்த மாணவர்களே முடிக்க முடியாமல் நின்றார்கள். எங்கள் வகுப்பைத் தள்ளி வைத்தார்கள். பிறகு உதவித்தொகையும் இல்லை என்றார்கள். ஒரு வருடம் போயிற்று. அதற்கப்புறம் யாரை நம்பி ஒன்றை மட்டும் பிடிப்பேன்? டெபாசிட் கட்டியது என் கணவரின் ஓவர்டைம் பணம். ஆசைக்குக் கட்டவில்லை, பயத்துக்குக் கட்டியிருக்கிறேன்.

மட்டுறுத்துனர் | பிப்ரவரி 17

நண்பர்களே, தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரண்டையும் எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளைக்கோட்டு | பிப்ரவரி 17

மழைக்காலம், உங்கள் பயம் நியாயம். ஒரு சீட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் மூன்றில் எதற்குக் கட்டாயம் போக மாட்டீர்கள் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். அந்த ஒன்றை இன்றே விடுங்கள். மீதி இரண்டுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜ்களையும் சொல்ல வேண்டும். திரும்பி வராத டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, உதவித்தொகை விவரத்தை மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்தால் பிள்ளைகள் என்ன செய்யும்?

மழைக்காலம் | பிப்ரவரி 18, காலை 5:50

டெபாசிட் கட்டாத இடத்துக்கு மெயில் போட்டுவிட்டேன். நியூ யார்க்கில் உள்ளது. எந்த காலேஜ் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

பொன்னி_அம்மா | பிப்ரவரி 18

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன் அம்மா. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் தூக்கம் இல்லை.

தாமிரபரணி | மார்ச் 22

மௌனமாக இருந்த மூன்றில் இரண்டு பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். இல்லை. ஒருவர் என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார். வேறு யாருக்கோ வந்த நிராகரிப்பாக இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

பென்சில்வேனியாவிலிருந்து மெயில்: லிஸ்டில் தொடர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். எண் சொல்லவில்லை. நியூ யார்க்கில் சொன்னார்கள், 14.

பொன்னி_அம்மா | மார்ச் 22

என் மகளுக்கு 15 என்று சொன்னார்கள். ஒரே காலேஜோ?

தாமிரபரணி | மார்ச் 22

தனிச்செய்தி பாருங்கள் அம்மா.

...

ஒரே காலேஜ்தான். சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

நேர்மையாச்_சொல்றேன் | மார்ச் 23

உங்கள் மகளுக்கு முன்னால் நிற்கிற ஆளோடு ரெண்டரை மாதமாகக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தீர்களா? பொன்னி அம்மா, நீங்கள் பெரிய மனுஷி.

ஸ்கார்பரோ_பெடியன் | ஏப்ரல் 11

தங்கச்சிக்கு இன்டர்வியூ முடிஞ்சுது. ஒரு கேள்விக்கு சில நிமிஷம், பிறகு அடுத்த அறை, அடுத்த ஆள். சூமில எண்டபடியால் அறை தானா மாறுது. ஒருக்கா ஆளில்லாத அறைக்குள்ள போட்டுட்டினமாம். இதுவும் ஒரு சோதனையாக்கும் எண்டு அவ நாலு நிமிஷம் சிரிச்சுக்கொண்டே இருந்தாவாம்.

தாமிரபரணி | மே 8

இழையை விட்டுப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அப்பாவுக்கு கொரோனா. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். அண்ணன் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி போட்டோ அனுப்புகிறான். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று வரும். நேற்று 91. குப்புறப் படுக்கச் சொன்னேன், தலையணையை எங்கே வைப்பது என்று வீடியோவில் காட்டினேன்.

போக முடியாது. மே 4லிருந்து இந்தியாவில் இருந்து வருகிற எங்களைப் போன்ற விசாக்காரர்களை உள்ளே விடுவதில்லை. போனால் திரும்பி எப்போது என்று தெரியாது. தூதரகமும் திறக்கவில்லை.

சீட்டைப் பற்றி இப்போது நினைப்பே இல்லை. இல்லை, பொய். நினைப்பு இருக்கிறது, நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைக்கோட்டு | மே 8

என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நானும் ஷிஃப்டில் விழித்துத்தான் இருப்பேன். ஆக்சிமீட்டர் போட்டோவை எனக்கும் அனுப்புங்கள். 90க்குக் கீழே போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி, படுக்கை இல்லை என்றாலும் வாசலில் கொண்டு போய் நிறுத்தச் சொல்லுங்கள்.

தாமிரபரணி | மே 20, காலை 6:10

நேற்று மதியம் தெரியாத நம்பர். அண்ணன் கூப்பிடும் நேரம், லைன் காலியாக இருக்க வேண்டுமே என்று எடுக்கவில்லை. நாலு மாதம் கார் வாரண்டியை எல்லாம் எடுத்தவள், அந்த ஒரு காலைத் தட்டிவிட்டேன்.

ராத்திரிதான் வாய்ஸ் மெயில் கேட்டேன். பென்சில்வேனியா. ஒருவர் விலகிவிட்டார், இடம் இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், வகுப்பு ஜூன் 7. மூன்று முறை கேட்டேன். கணவரை எழுப்பி அவரையும் கேட்க வைத்தேன், எனக்கு ஆங்கிலம் மறந்துவிட்டதோ என்று சந்தேகம்.

காலையில் அலுவலகம் திறந்ததும் சரி என்று சொல்லப்போகிறேன். டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு.

தாமிரபரணி | மே 20, காலை 9:25

சொல்லிவிட்டேன். நியூ யார்க்குக்கும் அப்போதே மெயில் போட்டுவிட்டேன், லிஸ்டிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி. பொன்னி அம்மா, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னி_அம்மா | மே 20

மகள் இப்போதுதான் எழுந்தாள். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, போனை சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மழைக்காலம் | மே 20

தாமிரபரணி, வாழ்த்துகள். நான் போன மாதம் இரண்டாவதையும் விட்டேன். அது பென்சில்வேனியா இல்லை, கணக்குப் போட வேண்டாம்.

ஸ்கார்பரோ_பெடியன் | மே 25

நேற்று அமெரிக்க பி.ஏ. சங்கம் பெயரை மாத்த ஓட்டுப் போட்டிட்டினம். இனி அசிஸ்டென்ட் இல்லை, ஃபிசிசியன் அசோசியேட். மாநிலச் சட்டமெல்லாம் மாறினாத்தான் எழுதிக்கொள்ளலாமாம்.

வெள்ளைக்கோட்டு | மே 25

சுருக்கினால் அதே பி.ஏ.தான். பெரியப்பா மந்திரியை விடமாட்டார்.

நேர்மையாச்_சொல்றேன் | மே 25

தாமிரபரணி, அப்பா எப்படி இருக்கிறார்?

தாமிரபரணி | மே 26, அதிகாலை 2:14

94. இப்போதுதான் போட்டோ வந்தது. பின்னால் அம்மா ரசம் கொண்டு வருவது தெரிகிறது.